கருத்துக் கேட்கிறார்களாம்!

தோழர்களே, சென்னையின் நகரப் பேருந்துத் தடங்களைத் திருத்தி அமைக்கப் போகிறார்களாம். அதற்குப் 'பொதுமக்கள்' கருத்துக் கேட்கிறார்களாம். நானும் போனேன், வங்கிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு. செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. ஏ.சி. அறை, சமோசா, திரையில் கலர் கலராகக் கோடுகள். வந்தவர்களில் பாதிப்பேர் அடுக்குமாடிச் சங்கத்துக்காரர்கள். "எங்க கேட்லேருந்து மெட்ரோ ஸ்டேஷனுக்குச் சின்ன பஸ் விடுங்க" என்றார் ஒருவர். விடட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வேலைநாளில் பதினோரு மணிக்கு அந்த நாற்காலியில் வந்து உட்கார யாரால் முடியும்?

என் அக்காவால் முடியாது. 2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்தைச் சாக்குவைத்துப் பெரும்பாக்கம் என்று நகரத்துச் சேரிகளைப் பெயர்த்துத் தெற்கு ஓரத்தில் கொட்டினார்கள். வேலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அக்கா கண்ணகி நகரிலிருந்து மயிலாப்பூருக்குப் போய் மூன்று வீடு பார்க்கிறாள். முதல் வீட்டில் ஆறரைக்கு நிற்கணும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் காசில்லை. நல்ல காரியம். (அதை 'ஓசி' என்று நக்கலடிக்கும் எங்கள் கேண்டீன் கனவான்களோடு தனியாக ஒரு சண்டை பாக்கியிருக்கிறது.) ஆனால் அவள் நிற்கிற நேரத்துக்கு ஒயிட் போர்டு வராமல் டீலக்ஸ் வந்தால்? ஏறினால் காசு. ஏறாவிட்டால் வீட்டுக்காரம்மா வாயில் விழணும்.

"நீயும் வந்து சொல்லேன்க்கா" என்று கூப்பிட்டேன்.

"நம்மளக் கேட்டா இங்க கொண்டாந்து போட்டாங்க? இப்ப பஸ்ஸுக்கு மட்டும் இன்னாடா கேக்குறாங்க?"

இதை அப்படியே அந்தக் கூட்டத்தில் சொன்னேன். "எந்த ஸ்டாப்ல எத்தனை பேர் ஏறுறாங்கன்னு டிக்கெட் மெஷின் டேட்டா இருக்கு சார்" என்று பதில் வந்தது. ஏறினவர்கள் கணக்கு அது. பஸ் இல்லாமல் வேலையை விட்டவள், காலேஜை நிறுத்திய பெண், இவர்கள் எந்த மெஷினில் ஏறுவார்கள்? கூட்டமில்லை என்று நடையைக் குறைப்பான். குறைத்ததாலேயே ஆள் குறையும். அதைக் காட்டி மறுபடி குறைப்பான். இதற்குப் பெயர் விஞ்ஞானம்!

பேருந்து விஷயத்தில் இந்த அரசு கருத்தைக் கேட்டதே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டிருக்கிறது. 1997இல் எனக்குப் பத்து வயது. விருதுநகரைத் தலைமையிடமாக்கித் தொடங்கிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்ற தேவேந்திரர் அவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. அதே ஆண்டு ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு துடைத்தெறிந்தது. இங்கே பல்லவனும் போனான். படிவம் இல்லை, சமோசா இல்லை. ஏற மாட்டேன் என்றவன் கருத்து சில வாரத்தில் அரசாணையானது. ஏறுவதற்கு இருபது வருஷத்துக்கு மேலாகக் காத்துக்கிடப்பவள் கருத்துக்கு, "எழுதிக் கொடுங்க சார், பரிசீலிக்கிறோம்."

எழுதித்தான் கொடுக்கப் போகிறேன். தினமும் கவுண்டரில் பத்துப்பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன் நான், எனக்கென்ன புதுசா? வரும் திங்கள் விடியற்காலை நாலரைக்குக் கண்ணகி நகர் பஸ் ஸ்டாண்டில் நோட்டோடு நிற்பேன். எந்த பஸ் எப்போது வந்தது, எந்த போர்டு, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று குறிக்கணும். செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆள் வேண்டும். மாணவத் தோழர்கள் முதல் நாள் ராத்திரியே அக்கா வீட்டுக்கு வந்துவிடுங்கள். காலையில் அங்கே வந்து சேர உங்களுக்கு பஸ் கிடைக்காது.