பரம்பரை ஒரு பக்கம், சாப்பாட்டுத் தட்டு ஒரு பக்கம்

பாட்டியின் அட்டிகை பேத்தியின் கழுத்துக்கு வருகிறது. அம்மாவின் வெண்கலப் பானை மகள் வீட்டுப் பொங்கலுக்கு வருகிறது. இதையெல்லாம் வாங்கிக் கொள்ள நமக்குக் கொள்ளை ஆசை! ஆனால் கேட்காமலே வந்து சேரும் சொத்துக்களும் உண்டு. அப்பாவின் மூக்கு, அத்தையின் சுருட்டை முடி, தாத்தாவின் சர்க்கரை வியாதி...

அப்படி வந்துவிடுமோ என்று பெண்கள் வாய் திறந்து பேசவும் பயப்படுகிற ஒன்று, மார்பகப் புற்றுநோய். "என் தாயாருக்கு வந்ததே, எனக்கும் வருமோ?" என்பது ஒரு கேள்வி. "எதைச் சாப்பிட்டால் வராமல் இருக்கும்?" என்பது அதன் பின்னாலேயே வருகிற கேள்வி. இந்த வாரம் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுவோம், சகோதரிகளே.

முதலில் பரம்பரை. நம் உடம்பின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் சுமார் 20,000 ஜீன்கள் இருக்கின்றன. அவற்றில் பி.ஆர்.ஸி.ஏ. என்று பெயர் வைத்த இரண்டு ஜீன்களை விஞ்ஞானிகள் 1994-லும் 1995-லும் அடையாளம் கண்டார்கள். இவை பழுதுபட்டுப் பிறக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் மிகவும் அதிகம். தாய் வழியில் மட்டுமல்ல, தகப்பனார் வழியிலும் இந்தப் பழுது வரலாம். அதனால் அத்தைமார்களின் கதையையும் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு, அதுவும் இளம் வயதில் வந்திருந்தால், டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் நூறு பேரை எடுத்துக் கொண்டால், இப்படிப் பரம்பரையாக வந்த பழுதினால் வந்தது ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். மற்றவர்களுக்கு?

நம் சென்னையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அடையாறு கான்ஸர் இன்ஸ்டிடியூட்டில், 1980-களின் ஆரம்பத்திலிருந்தே நகரத்தில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று பதிவேடு எழுதி வருகிறார்கள். அந்த நாளில் பெண்களிடையே முதலிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு. மார்பகம் இரண்டாவது இடத்தில்தான் இருந்தது. இன்றோ தலைகீழ்! மார்பகம்தான் முதலிடம்.

நாற்பது வருஷத்தில் மயிலாப்பூர்ப் பெண்களின் ஜீன்கள் மாறிவிடுமா, என்ன? மாறாது. மாறியது வாழ்க்கை. கல்யாணமும் பிரசவமும் தள்ளிப் போகின்றன. குழந்தைகள் ஒன்று அல்லது இரண்டு. ஆட்டுக்கல்லும் உரலும் போய் மிக்ஸி வந்தது. வீட்டில் சமைத்த பண்டம் குறைந்து கடைப் பொட்டலம் பெருகியது. ஆயுளும் கூடியிருக்கிறது. இவை எல்லாமே சேர்ந்துதான் கணக்கை மாற்றியிருக்கின்றன. சாப்பாடு அதில் ஒரு பங்கு.

"சாப்பாடு வயிற்றுக்குப் போகிறது. ஜீனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். தேனீயைப் பாருங்கள்! ராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரி முட்டையிலிருந்து பிறந்தவை, ஜீன்களிலும் பேதமில்லை. ராணியாகப் போகும் புழுவுக்கு மட்டும் கடைசி வரை விசேஷ ஆகாரம் ஊட்டுகிறார்கள். அது ராணியாகி வருஷக் கணக்கில் வாழ்கிறது. மற்றவை சில வாரங்கள் உழைத்துவிட்டு மடிகின்றன. ஜீன்களின் மேல் மெதில் என்ற சின்னஞ்சிறு முத்திரைகள் விழுவது உண்டு. முத்திரை விழுந்த ஜீன் பெரும்பாலும் உறங்கும். 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்த முத்திரை குத்தும் வேலையைத் தடுத்துப் பார்த்தார்கள். விசேஷ ஆகாரம் இல்லாமலே பெரும்பாலான புழுக்கள் ராணிகளாகிவிட்டன!

நாம் தேனீக்கள் அல்ல. ஒரு வாரம் கீரை சாப்பிட்டு ராணியாகிவிட முடியாது. ஆனாலும் வீட்டில் மின்சார விளக்குகள் எல்லாம் இருந்தும் எந்த சுவிட்சைப் போடுகிறோம் என்பது வேறு விஷயம் அல்லவா? ஜீன்களும் அப்படித்தான்.

மார்பக விஷயத்தில் சாப்பாட்டுக்கும் சுவிட்சுக்கும் நடுவே இருக்கும் வழி நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதன் பெயர் ஈஸ்ட்ரோஜன். இந்தப் பெண்மைச் சுரப்பு மார்பகத்து அணுக்களுக்குள் புகுந்து, "பெருகு!" என்று உத்தரவிடும் ஜீன்களை எழுப்புகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு கருப்பை அருகிலுள்ள சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை நிறுத்திவிடுகின்றன. அப்புறம் அதைத் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலை எது தெரியுமா? உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு! கொழுப்பு அதிகமானால் உற்பத்தியும் அதிகம். அணுக்கள் பெருகப் பெருகப் பிசகு நேரவும் இடம் அதிகம். ஐம்பது வயதுக்கு மேல் ஏறும் எடையைப் பற்றி டாக்டர்கள் கண்டிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே "எந்த அதிசயப் பண்டத்தைச் சாப்பிடலாம்?" என்பதை விட "எவ்வளவு சாப்பிடுகிறோம்?" என்பதே முக்கியமான கேள்வி. நம் வீடுகளில் இதற்கு ஒரு விசித்திரமான எதிரி உண்டு. "வீணாய்ப் போகிறதே!" என்ற நல்ல மனசுதான் அது. குழந்தை மிச்சம் வைத்த தோசை, பாத்திரத்தின் அடியில் தங்கிய சாதம், ஊசிப் போவதற்குள் தீர்க்க வேண்டிய பாயசம் எல்லாம் எங்கே போகின்றன? கடைசியில் சாப்பிட உட்காரும் அம்மாவின் வயிற்றுக்கு! அம்மா வயிறு என்ன, எச்சில் தொட்டியா? அரிசியை அரை ஆழாக்குக் குறைத்துப் போடுங்கள். எல்லோருடனும் சேர்ந்தே சாப்பிட உட்காருங்கள். மிச்சத்தின் பாரம் ஒருத்தி தலையில் விழாது.

தட்டில் சாதம் பாதி இடத்துக்கு மேல் போக வேண்டாம். தெற்கு மாட வீதியில் குவித்து வைத்திருக்கும் முளைக்கீரையும் அவரைக்காயும் பூசணியும் மீதியை நிரப்பட்டும். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். காப்பியில் சர்க்கரை பாதி. நாகேஸ்வர ராவ் பூங்காவில் அரை மணி கை வீசி நடை. எடை குறையாவிட்டாலும் நடை வீண் போகாது. மதுபானம் பக்கமே போக வேண்டாம். சிறிதளவு கூட இந்த நோயின் அபாயத்தை ஏற்றும். பிரசவித்த பெண்கள் பாலூட்டுவதும் பாதுகாப்பே. முப்பது நாடுகளின் ஆராய்ச்சிகளைத் திரட்டி 2002-ல் வெளியிட்ட கணக்குப்படி, தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் அபாயம் நூற்றுக்கு நாலு பங்கு குறைகிறது.

இவ்வளவும் செய்தால் வரவே வராதா? அப்படி உறுதி சொல்ல யாராலும் முடியாது. அமெரிக்காவில் 1993-ல் தொடங்கி சுமார் 49,000 பெண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். ஒரு சாராரிடம் கொழுப்பைக் குறைத்து, காய், பழம், தானியம் அதிகம் சாப்பிடச் சொன்னார்கள். 2006-ல் பார்த்தபோது அவர்களிடையே நோய் சற்றுக் குறைவு. ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடக் கூடிய அளவே. இருபது வருஷம் சென்று பார்த்தபோதோ, மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் அவர்களில் குறைவாக இருந்தார்கள். சாப்பாடு மெதுவாக, கொஞ்சமாக உதவுகிற சிநேகிதி. அவ்வளவுதான்.

அதனால், நோய் வந்த பெண்ணைப் பார்த்து, "என்னத்தைச் சாப்பிட்டாளோ!" என்று யாரும் சொல்லக் கூடாது. ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் வருகிறது. அவளுக்கு வேண்டியது தைரியம். குற்றப் பத்திரிகை அல்ல.

இன்னொன்று, இதுதான் உயிர் போகிற விஷயம். மார்பில் வலியில்லாத ஒரு சிறு கட்டி கையில் தட்டுப்படுகிறது. காம்பு உள்ளே இழுக்கிறது, அல்லது ரத்தம் கசிகிறது. உடனே மஞ்சள் பொடி, பூண்டு, மூலிகைச் சாறு என்று ஆறு மாதம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனைக் குழாயில் மஞ்சள் செய்யும் வித்தை வேறு. ரசத்தில் போட்ட மஞ்சள் ரத்தத்தில் போய்ச் சேருவது சொற்பம். சமையலறை காவல்காரன் வேலை செய்யும். டாக்டர் வேலை செய்யாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில்தான் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று பாடுபட்டார். 1954-ல் பன்னிரண்டே படுக்கைகளோடு அடையாற்றில் அது ஆரம்பமாயிற்று. மறு வருஷம் அங்கே வந்து சேர்ந்த மயிலாப்பூர்ப் பெண் டாக்டர் சாந்தா, 2021-ல் காலமாகும் வரை அங்கேயே உழைத்தார். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்பதை அவர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள்.

ஆகையால் முப்பது வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் மார்பைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். மாமோகிராம் எப்போது தேவை என்பதையும் அவரிடமே கேளுங்கள். கட்டி என்று சந்தேகம் வந்தால், பெண்ணின் கல்யாணம் முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தன்னைக் கவனிக்கும் வழக்கம் சாப்பாட்டில் இருந்தாலே கெடுதல். வைத்தியத்தில் அது கூடவே கூடாது, அம்மா!