தடைகளுக்கு அடங்காத டிராக்டர் பாட்டு

புது தில்லி: துப்பாக்கியைப் போற்றும் பாடல்களுக்குப் பஞ்சாப் அரசு 2022 நவம்பரில் தடை விதித்தது. டிராக்டர் சாகசங்களுக்கு 2023 அக்டோபரில் தடை விதித்தது. ஆனால், அந்தப் பாட்டும் டிராக்டரும் கிராமத்து இளைஞர்களின் கௌரவச் சின்னங்களானது ஏன் என்ற கேள்விக்கு இந்தத் தடைகளில் விடை இல்லை.

பாங்ரா தாளத்துடன் மேலைநாட்டு ராப் இசை கலந்த இந்தப் பாடல்கள் திருமண மண்டபங்களிலும், பெரிய ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்ட டிராக்டர்களிலும், திறந்த ஜீப்புகளிலும் ஒலிக்கின்றன. நிலம், வாகனம், துப்பாக்கி, பகை ஆகியவையே இவற்றில் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள். பஞ்சாப் எல்லையை ஒட்டியுள்ள ஹரியாணாவின் மண்டி டப்வாலி நகரம், பழைய ஜீப்புகளை மாற்றியமைத்துத் தருவதற்குப் பெயர் பெற்றது. உற்பத்தியாளர் நிர்ணயித்த வடிவமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதி செய்தது. இருந்தும் அந்த மோகம் குறைந்தபாடில்லை.

மூஸேவாலாவின் வாழ்வும் முடிவும்: இந்த இசையின் மிகப் பெரிய நட்சத்திரமாகத் திகழ்ந்தவர் மான்சா மாவட்டம் மூஸா கிராமத்தைச் சேர்ந்த சித்து மூஸேவாலா. லூதியாணாவில் பொறியியல் படித்து, கனடா சென்று புகழ் பெற்ற பின்னரும் கிராமத்துக்கே திரும்பியவர். 2022 சட்டப்பேரவைத் தேர்தலில் மான்சா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராகப் போட்டியிட்டு, ஆம் ஆத்மி வேட்பாளரிடம் 63 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார்.

அந்த ஆண்டு மே 28-ல் 424 பேருக்கான போலீஸ் பாதுகாப்பை மாநில அரசு குறைத்தது. அவர்களில் மூஸேவாலாவும் ஒருவர். மறுநாளே, தாமே ஓட்டிச் சென்ற ஜீப்பில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பிரியமான எச்எம்டி 5911 டிராக்டரிலேயே இறுதி ஊர்வலம் நடந்தது. அவரது மறைவுக்குப் பின் வெளியான, சட்லஜ்-யமுனை இணைப்புக் கால்வாய் பற்றிய பாடல், மத்திய அரசின் புகாரின் பேரில் இந்தியாவில் யூடியூபிலிருந்து நீக்கப்பட்டது.

நீதிமன்றமும் அரசும்: இப்பாடல்களுக்கு எதிரான குரல் புதிதல்ல. கர்நாடகத்தைச் சேர்ந்த, சண்டீகர் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவரின் மனு மீது பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. மது, போதைப் பொருள், வன்முறை ஆகியவற்றைப் போற்றும் பாடல்கள் நேரடி நிகழ்ச்சிகளில்கூட ஒலிக்காமல் பார்த்துக்கொள்ளுமாறு காவல்துறைத் தலைவர்களுக்கு அது உத்தரவிட்டது.

இந்தக் கவலையைக் காரணமற்றது எனத் தள்ளிவிட முடியாது. 2016 டிசம்பரில் பட்டிண்டா மாவட்டம் மௌர் மண்டியில், திருமண விழா மேடையில் ஆடிக்கொண்டிருந்த இளம் நடனப் பெண் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். கொண்டாட்டத்தின்போது அஜாக்கிரதையாகச் சுடுவதற்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ. 1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க, 2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 அக்டோபரில் குருதாஸ்பூர் மாவட்டத்தில் சாகச வீரர் ஒருவர் தமது டிராக்டரிலேயே சிக்கி இறந்ததை அடுத்துத்தான் டிராக்டர் சாகசத் தடை வந்தது. ஹரியாணாவும் 2025-ல் துப்பாக்கிப் பாடல்களை யூடியூபிலிருந்து நீக்கியது.

இரட்டை நிலை: ஆனால், துப்பாக்கி உரிமம் வழங்கியது அரசு நிர்வாகமே அன்றிப் பாடகர்கள் அல்லர். உரிமங்கள் மிகுந்த மாநிலங்களில் ஒன்றான பஞ்சாபில், அவற்றை மறுஆய்வு செய்யும் உத்தரவே 2022 நவம்பரில்தான் பிறந்தது. கட்சிகளும் பாடகர்களின் செல்வாக்கை நாடத் தயங்குவதில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் பரீத்கோட்டில் முகமது சாதிக்கும், பாஜக சார்பில் வடமேற்கு தில்லியில் ஹன்ஸ் ராஜ் ஹன்ஸும் வென்றனர். இருவருமே பாடகர்கள். வேளாண் சட்டங்களுக்கு எதிராக 2020-21-ல் சிங்கு, டிக்ரி எல்லைகளில் முகாமிட்ட விவசாயிகளுக்குத் துணை நின்றவையும் இதே டிராக்டர்களும் பாடல்களுமே.

யாருடைய பெருமை?: இப்பாடல்களில் பேசும் நாயகன் பெரும்பாலும் நிலவுடைமைச் சமூகமான ஜாட் இளைஞன். 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்கள்தொகையில் தலித்துகள் 31.94 சதவீதம்; இது நாட்டிலேயே மிக அதிகம். ஆனால் அவர்கள் வசம் உள்ள நிலம் மிகச் சொற்பம். ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹி போன்ற பாடகர்கள், இழிவாக வழங்கப்பட்ட சாதிப் பெயரையே பெருமிதத்துடன் பாடியது இதற்கான பதிலடியாகும்.

ஜாட் இளைஞனின் பெருமையும் உறுதியான அடித்தளத்தில் இல்லை. தலைமுறைதோறும் நிலம் துண்டாகிறது, நிலத்தடி நீர் இறங்குகிறது, கடன் ஏறுகிறது. கடனில் வாங்கிய டிராக்டர், உழவுக்குப் பயன்படுவதைவிட அந்தஸ்தைக் காட்டவே அதிகம் பயன்படுகிறது. வெளிநாடு செல்வதே பலரது கனவாக இருந்த நிலையில், 2024 ஜனவரியில் கனடா அரசு மாணவர் அனுமதிகளை 35 சதவீதம் குறைத்து, சுமார் 3.6 லட்சமாக வரையறுத்தது. அந்த வழியும் குறுகிவிட்டது.

பாடலைத் தடுக்க ஓர் அரசாணை போதும். நெல்-கோதுமைச் சுழற்சிக்கு மாற்று காண்பதும், கிராமங்களுக்கு அருகில் தொழில்களைக் கொண்டு வருவதும் ஆண்டுக்கணக்கில் உழைப்பைக் கோருபவை. அவற்றை ஒத்திப்போட்டுவிட்டு ஒலிபெருக்கியை மட்டும் அணைக்கும் அரசுகள், அதே இளைஞர்களைத் தேர்தல் நேரத்தில் டிராக்டர் பேரணிகளுக்கு அழைக்கும் வரை, தடை உத்தரவுகள் காகிதத்திலேயே இருக்கும்.