குளோரின் போட்டாச்சு, அப்புறம் என்ன பயம்?

இந்தக் கேள்விக்கு 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் பதில் சொன்னது. சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. காரணம், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. குளோரினுக்கெல்லாம் அது அசையாது. மணல் வடிகட்டியில்தான் சிக்கியிருக்க வேண்டும்.

ஏன் சிக்கவில்லை? ஏரித் தண்ணீரைத் தெளிய வைக்கும் ரசாயனத்தின் அளவு சரியாக அமையவில்லை. நம்ம ஊரில் படிகாரம் போடுவோமே, அதே வேலைதான். அளவு தப்பினால் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, அடியில் படியாது, மணலையும் தாண்டிவிடும். இத்தனைக்கும் அன்றைய விதி எதையும் அந்த நிலையம் மீறவில்லை. அதுதான் கொடுமை.

பிறகு மில்வாக்கி ஓசோன் சுத்திகரிப்புக்கு மாறியது. எல்லா நகராட்சிக்கும் அது கட்டுப்படியாகாது, சரி. ஆனால் மழையில் ஏரி கலங்கும் நாளில், நாலைந்து குவளைகளில் வெவ்வேறு அளவு படிகாரம் கலந்து பார்க்கும் 'ஜார் டெஸ்ட்' செய்ய என்ன பெரிய செலவு? நேற்றைய அளவையே இன்றும் கொட்டினால் எப்படி?

அடுத்து, ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனியாகக் கலங்கல் மீட்டர் வேண்டும். எல்லாத் தண்ணீரும் சேர்ந்த இடத்தில் மட்டும் அளந்தால், பழுதான ஒரு வடிகட்டி மற்றவற்றின் நடுவே ஒளிந்துகொள்ளும்.

இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரின் கலங்கல் 1 என்டியு-வுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லையென்றால் 5 வரை போகலாம். மில்வாக்கியில் அன்று பதிவான உச்சம் 1.7தான்.