ஒத்துழைப்பும் ஒரு தொழில்தான்

சுங்கை பூலோ என்ற பெயரை ரப்பர்த் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிவர். 1925-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் நெடுங்காலம் இங்கேதான் இருந்தது. ஒட்டு மரத்தில் அரைச் சுற்று, 30 பாகைச் சரிவு என்று வெட்டுக்கு அளவு உண்டு. கத்தி ஆழ இறங்கினால் மரம் புண்ணாகும். மேலோடு போனால் பால் வராது. இதைப் பார்த்துப் பார்த்துப் பழகித்தான் கற்றோம். பிறரோடு சேர்ந்து வேலை செய்வதை மட்டும் கற்க வேண்டிய காரியமாக நாம் கருதுவதே இல்லை. "அவர் குணம் அப்படி" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறோம். குணத்தின் மேல் பழியைப் போடுவது சுலபமல்லவா!

நாம் கிராணி வேலை பார்ப்பவர்கள். ஆகவே நம் பக்கத்துக் குற்றத்தை முதலில் சொல்லி விடுகிறோம்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டதும், பட்டாளம் வந்ததும், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்ததும், நாதன் நாடு கடத்தப்பட்டதும் நமது சரித்திரம். தொழிலாளர் அன்று கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றார்கள். வழியில் துரையையோ சிப்பந்தியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். வெள்ளைக்காரத் துரைக்காக மட்டுமா இறங்கினார்கள்? ஆசியச் சிப்பந்திகளுக்கும் இறங்க வேண்டியிருந்தது. அதாவது, நமக்கு முன்னே இந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களுக்கு! கூட்டங்களில் நாதனுக்கு ஜே போடும் கிராணிமார் இதை மட்டும் சொல்லாமல் விட்டு விடுகிறார்கள்.

அந்த வழக்கம் போயிற்று. சைக்கிளும் மோட்டார் சைக்கிளாயிற்று. ஆயினும் பெரட்டில் "ஏய், இங்கே வா" என்ற குரல் முற்றாக ஒழிந்ததா? நம் தாய் வயதுள்ள ஒரு பெண்மணியை "அக்கா" என்றோ "அம்மா" என்றோ அழைப்பதால் செக்ரோலில் ஒரு சதமும் குறையப் போவதில்லை.

நமக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுகிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, எண்ணைப் பார்த்து, வாய் திறவாமல் புத்தகத்தில் குறிப்பதே நம் வழக்கம். காட்ட வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. கேட்க அவர்களுக்குத் துணிவில்லை. மழைக்கு மறுநாள் பாலில் நீர் ஏறி அளவு இறங்கியபோது, கிராணி திருடுகிறார் என்று லயம் முழுக்கப் பேச்சு. நமக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு நாள், வீம்புக்காகவே என்றும் சொல்லலாம், புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படித்தோம். வரிசையில் நின்ற ஓர் அம்மாள், "ஐயா, நுரையை வழிச்சிட்டுப் பாருங்க" என்றார். வழித்துப் பார்த்தோம். எண் மாறிற்று. திருட்டு இல்லை, ஆனால் பிழை இருந்தது, அது நம் பிழை! மழைத் தண்ணீரின் கணக்கை அவர்களுக்கு நாம் விளக்கினோம். நுரையின் கணக்கை நமக்கு அவர் விளக்கினார். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது.

தொழிலாளத் தோழர்களிடமும் ஒரு குறை உண்டு. கூட்டத்தில் ஒருவர் பேசும்போதே மூவர் குரல் எழுப்புவார்கள். கையைத் தூக்கித் தீர்மானத்தை ஆதரித்துவிட்டு, மறுநாள் நிரையில் நின்று "எனக்கு அப்போதே பிடிக்கவில்லை" என்பார்கள். பிடிக்காததைக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லவும், சொன்னவரைப் பகையாளியாக எண்ணாமல் கேட்கவும் பழக வேண்டும். பி. பி. நாராயணன் முதலியோர் 1954-இல் பல சங்கங்களை இணைத்துத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்களே, அந்தச் சங்கங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனிக் கொடி, தனிப் பெருமை இருந்திருக்கும். தம் பதவியை விட்டுக்கொடுத்துப் பின்வரிசையில் உட்காரச் சிலராவது சம்மதித்திராவிட்டால் அது நடந்திருக்குமா? 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டு வந்த அச்சத்தில், தொழிலாளர் தவணையாகப் பணம் கட்டிப் பங்கு வாங்கினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. பணம் கட்டியவர் ஒருவர், கணக்கு எழுதியவர் ஒருவர். ஒருவரை ஒருவர் நம்பாமல் அந்த நிலம் வந்திராது.

இப்போது பல இடங்களில் அடுத்த நிரையில் வெட்டுபவர் வங்காள தேசத்தவர் அல்லது இந்தோனேசியர். அவரை நம்மவரில் சிலர் அழைக்கும் தோரணை நம் பாட்டன்மார் கேட்ட அதே தோரணைதான். அவர் மொழி தெரியாது என்பது சாக்கு. அவர் பெயரைச் சரியாக உச்சரிக்க மொழி வேண்டியதில்லை.

அடுத்த கிளைக் கூட்டத்தில் கிராணிமாருக்கென்று முன்வரிசை நாற்காலி போடப்படாது. ஒருவர் பேசி முடிக்கும் வரை அடுத்தவர் எழக்கூடாது. தீர்மானங்களை எழுதி முடித்ததும், கூட்டம் கலைவதற்கு முன்பே, பால்வெட்டுத் தோழர் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவார். பிழை இருந்தால் அங்கேயே திருத்தப்படும். எழுதியது நாமாக இருந்தாலும் சரியே.