மகன் வரும்வரை காத்திருக்கலாமா?

"பையன் விமானம் ஏறிவிட்டான். அவன் வந்ததும் முடிவு சொல்கிறோம்." பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரியும் குடும்பங்கள் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஏராளம். அதனால் அவசர சிகிச்சைப் பிரிவில் இச்சொற்களை அடிக்கடி கேட்கிறோம். இதிலுள்ள பாசம் போற்றத்தக்கது. ஆயினும் பக்கவாதத்திலும் மாரடைப்பிலும் இக்காத்திருப்பு கூடாது என்பதே என் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு சுமார் 2,900 கிலோமீட்டர். துபாயிலிருந்தும் ஏறத்தாழ அவ்வளவே. பறக்கும் நேரம் சுமார் 4 மணி. 'நாலு மணி நேரத்தில் வந்துவிடுவான்' என்று நாம் ஆறுதல் கொள்வது இதனால்தான். ஆனால் அவர் விடுப்பும் பயணச்சீட்டும் பெற வேண்டும். 3 மணி நேரம் முன்னதாக விமான நிலையம் சேர வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கிச் சோதனைகள் முடித்தபின், சிதம்பரத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் சாலைவழி வர வேண்டும். அதற்கும் விமானத்தில் வந்த அளவு நேரமாகும். தடையேதும் இல்லாவிடினும் மொத்தம் 12 மணி நேரத்துக்குக் குறையாது. லண்டனிலிருந்து எனில் பறப்பதற்கே 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மூளை அவ்வளவு நேரம் தாங்காது. இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில், உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவ மதிப்பீடு. மகன் விமானத்தில் அமரும்போதே அந்த வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவியிருக்கும். மாரடைப்பிலும் தாமதமாகும் ஒவ்வொரு மணியும் இதயத்தசையின் இழப்பே.

உறவினரின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. அந்த ஊசியால் சிலருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம். 'என்னைக் கேட்காமல் ஏன் கையெழுத்திட்டீர்கள்?' என்று நாளை மகன் கேட்டால் என்ன செய்வது என்ற அச்சமே அருகிலிருப்பவரின் கையைக் கட்டிப்போடுகிறது. ஆனால் தெளிவாக முடிவெடுக்கும் நிலையிலுள்ள நோயாளியின் ஒப்புதலே முதன்மையானது. உயிர்காக்கும் அவசரத்தில் ஒப்புதலுக்குக் காத்திராமலும் சிகிச்சையளிக்கலாம் என 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. வெளிநாட்டிலுள்ள மகனின் கையெழுத்து கட்டாயம் அன்று.

ஆகவே என் வேண்டுகோள் வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கே. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது, அவசரத்தில் முடிவெடுக்கப் போகிறவர் தாயா, தங்கையா, சித்தப்பாவா என்று பெற்றோருடன் கூடிப் பேசித் தீர்மானியுங்கள். 'நீங்கள் எடுக்கும் முடிவுக்கு நான் குறை சொல்லமாட்டேன்' என்று அவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். பெற்றோர் உண்ணும் மருந்துகளின் பட்டியலை வீட்டில் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ முதல் அழைப்பு உங்களுக்கு அன்று, 108-க்கே செல்ல வேண்டும் என்பதையும் அறிவுறுத்துங்கள்.

விமானம் வரும் நேரத்தில் வரட்டும். வந்திறங்கும் மகனின் பெயரைத் தந்தை வாய்குழறாமல் சொல்லி அழைக்க வேண்டுமானால், சிகிச்சை அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.