முதல்ல டம்ளரைப் பாருங்க பாஸ்!

ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து ‘ஸ்பீட் பெயின்ட்டிங்’ வீடியோ பார்த்து வாய் பிளக்கிற கோஷ்டியா நீங்க? ‘ஒரு பென் டேப்லெட் மட்டும் கைக்கு வரட்டும், அப்புறம் பாரு’ன்னு வீட்டுக்கு அப்ளிகேஷன் போட ரெடியா? கொஞ்சம் பொறுங்க. அந்தக் காசைச் செலவு பண்றதுக்கு முன்னாடி மெஸ்ல இருந்து ஒரு ஸ்டீல் டம்ளரைத் தள்ளிட்டு வாங்க. இந்த வாரம் அதுதான் நம்ம ஹீரோ!

டம்ளரை மேஜை மேல வெச்சு, பேப்பர்ல வரைங்க. நம்மில் பல பேர் வாயை நீள்வட்டமா போட்டுட்டு, அடியை ஸ்கேல் வெச்ச மாதிரி நேர்கோடா முடிச்சிடுவோம். ஏன்னா, டம்ளர் சமமா நிக்குதுன்னு மூளைக்குத் தெரியும். கை அதைக் கேட்டுக்கிட்டு வரைஞ்சிடுது. இப்ப கண்ணால பாருங்க. அடியும் வளைவுதான்! அதுவும் வாயைவிட அடியோட வளைவு இன்னும் உருண்டையா தெரியும். கண் மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் விரியும். ஃபர்ஸ்ட் இயர்ல மினி டிராஃப்டரோட மல்லுக்கட்டி நீள்வட்டம் போட்ட நம்ம இன்ஜினீயரிங் மக்களுக்கும் இது புதுசாத்தான் இருக்கும். அங்கே அளவை கொஸ்டின் பேப்பர் கொடுத்தது. இங்கே கண்ணுதான் கொடுக்கணும்.

மேட்டர் இவ்வளவுதான் பாஸ்: தெரிஞ்சதை வரையாதீங்க, தெரியறதை வரைங்க!

கண்ணை நம்பு, கையை விடு

இதுக்கு ஒரு பழைய வைத்தியம் இருக்கு. நியூயார்க்கில் ஓவியம் சொல்லிக் கொடுத்த கிமோன் நிக்கோலாய்டஸ் எழுதி, 1941-ல் வெளிவந்த புத்தகத்தில் இருக்கும் பயிற்சி. பேப்பரைப் பார்க்கவே கூடாது. பொருளோட விளிம்பு மேல கண்ணு எறும்பு மாதிரி ஊரணும். அதே வேகத்துல பென்சிலும் நகரணும். அஞ்சு நிமிஷம் கழிச்சுக் குனிஞ்சு பார்த்தா டம்ளர் நசுங்கிப்போய் கிடக்கும். பரவாயில்லை. கண்ணும் கையும் ஒண்ணா நடக்கப் பழகறதுதான் இங்கே லாபம்.

டிஜிட்டலுக்கும் இது உதவும். ஸ்கிரீன் இல்லாத பென் டேப்லெட்டில் கை மேஜையில இருக்கும், கண்ணு மானிட்டர்ல இருக்கும். பலர் முதல் வாரத்திலேயே அதைப் பரண்ல ஏத்திடறது இதனாலதான். கையைப் பார்க்காமலே வரைஞ்சு பழகினவங்களுக்கு அந்த மிரட்சி குறையும்.

மவுஸைத் தொடலாமா?

தாராளமா! ‘கிரிட்டா’ன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. இலவசம், திருட்டு காப்பி தேட வேண்டாம். அதில் நூறு பிரஷ் இருந்தாலும், ஒரே ஒரு வட்டப் பிரஷ், ஒரே லேயர், முதல் இருபது நிமிஷம் ‘ஜூம்’ கிடையாது. இதுதான் ரூல். ஜூம் பண்ணினா கண் இமையை முடி முடியா வரைஞ்சிட்டு, மூக்கு எங்கேயோ போயிருக்கறதைக் கோட்டை விட்டுடுவீங்க.

இப்ப டம்ளரை அரைக் கண்ணை மூடிப் பாருங்க. சின்னச் சின்ன விவரமெல்லாம் மறைஞ்சு இருட்டு, நடுத்தரம், வெளிச்சம்னு மூணு திட்டாத் தெரியும். முதல்ல அந்த மூணை மட்டும் போடுங்க. ஸ்டீல்னா சாம்பல் கலர்தானேன்னு கை ஓடும், விடாதீங்க. பளபள ஸ்டீல் பக்கத்துல இருக்கறதை எல்லாம் வாங்கித் திருப்பிக் காட்டும். சிவப்புத் துண்டு பக்கத்துல இருந்தா டம்ளர்லயும் சிவப்பு இருக்கும்.

போட்டோவைப் பார்த்து வரையறீங்களா? கலர் பிக்கரால உடனே உறிஞ்சாதீங்க. முதல்ல நீங்களே கலரைக் கலந்து வைங்க, அப்புறம் பிக்கரை வெச்சு செக் பண்ணுங்க. விடையைப் பார்த்து எழுதறதுக்கும், எழுதிட்டு விடையைச் சரிபார்க்கறதுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்லணுமா என்ன?

கடைசியா, கிரிட்டாவில் ‘எம்’ கீயை அழுத்துங்க. படம் கண்ணாடியில் தெரியற மாதிரி திரும்பும். கோணல் எல்லாம் பல்லைக் காட்டும்! ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கச் சொன்னவர் லியோனார்டோ டாவின்சி. ஐடியா 500 வருஷப் பழசு, கீபோர்டுதான் புதுசு.

ஏ.ஐ. இருக்க, நாம எதுக்கு?

‘ஒரு வரி டைப் அடிச்சா படம் வருதே, எதுக்கு இந்தப் பாடு?’ நியாயமான கேள்வி. படம் மட்டும்தான் வேணும்னா அதுவே போதும். ஆனா பார்க்கிற கண்ணு வேணும்னா, நாமதான் உட்காரணும்.

ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தார். டேவிட் ஹாக்னி 1937-ல் பிறந்தவர்; 2011-ல் ஐபேடோட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் சாலையோரத்துக்குப் போய், வசந்தம் வர்றதை வரைந்தார். ஒருத்தர் கையில் பேனா, ஒருத்தர் கையில் ஐபேட். ரெண்டு பேரும் செஞ்சது ஒரே வேலை: எதிரே இருக்கறதை விடாமப் பார்த்தது.

டம்ளர் பழகினதும் ஆளுங்களுக்கு வாங்க. மெஸ் க்யூவில் நிக்கறவங்க, லாஸ்ட் பெஞ்ச்சில் தூங்கறவங்க... ஆளுக்கு முப்பது செகண்ட். முகம் வேண்டாம், முதுகு எப்படி வளையுதுன்னு ஒரு கோடு போதும். அப்புறம் ஒரு நாள் ரூம்மேட்டை எதிர்ல உட்கார வெச்சு அரை மணி நேரம் வரைங்க. ஒரு புருவம் கொஞ்சம் ஏறி இருக்கறது, யோசிக்கும்போது உதட்டைக் கடிக்கறது எல்லாம் அப்பத்தான் கண்ணுல படும். நாலு வருஷம் முடிஞ்சு ஆளுக்கொரு ஊருக்குக் கிளம்பும்போது செல்போன்ல ஆயிரம் போட்டோ இருக்கும். ஆனா யாரை நிஜமாவே உட்கார்ந்து பார்த்தோம்?

ஹோம்வொர்க்: தினம் பதினஞ்சு நிமிஷம், முப்பது நாள், அதே டம்ளர். தேதி போட்டு வைங்க. முதல் நாள் படத்தை மட்டும் கிழிச்சுப் போடாதீங்க, முப்பதாம் நாள் அது வேணும்!