ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் திருடன் வரமாட்டானா?

"எல்லாரும் வைத்திருக்கும் கம்ப்யூட்டரைத்தான் திருடர்கள் தேடி வருகிறார்கள். அதிகம் பேர் வாங்காததை வாங்கினால் பயமே இல்லை!"

இப்படிப் பலர் சொல்கிறார்கள். இது உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து!

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை ஏற்பாட்டுக்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று பல வகை உண்டு. வீடுகளில் அதிகம் இருப்பது விண்டோஸ். ஒரே கள்ளச் சாவியால் ஆயிரம் வீடுகளைத் திறக்கலாம் என்றால், திருடன் அந்தச் சாவியைத்தானே செய்வான்? அதனால் விண்டோசுக்குத் தொல்லை அதிகம்.

ஆனால் மற்றவை தப்பினவா?

6 லட்சம் மேக்!

"மேக்குக்கு வைரஸ் வராது" என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். 2012-ல் வந்தது வினை. "பிளாஷ்பேக்" என்ற கள்ள புரோகிராம் சுமார் 6 லட்சம் மேக் கம்ப்யூட்டர்களில் புகுந்துவிட்டது. அது நுழைந்த வழி, "ஜாவா" என்ற புரோகிராமில் இருந்த ஓட்டை. மற்றக் கம்ப்யூட்டர்களுக்கு அந்த ஓட்டை பிப்ரவரியிலேயே அடைக்கப்பட்டது. மேக்குக்கு ஏப்ரலில்தான் அடைத்தார்கள். அந்த இடைவெளி போதாதா திருடனுக்கு?

லினக்சும் தப்பவில்லை. 2016-ல் "மிராய்" என்ற கள்ள புரோகிராம், லினக்சில் ஓடும் காவல் கேமராக்களையும் இன்டர்நெட் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்தது. எப்படி? தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. பூட்டிலேயே சாவி தொங்கியது!

தப்பியவர்கள் யார்?

2017 மே மாதம் "வான்னாகிரை" விண்டோசைத் தாக்கியது. சுமார் 150 நாடுகளில் சேதம். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலைகள் தடைப்பட்டன, நோயாளிகள் தவித்தார்கள். ஆனால், அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டவர்களின் கம்ப்யூட்டருக்குள் அந்த ஓட்டை வழியாகத் திருடன் நுழைய முடியவில்லை.

ஆகவே, காப்பாற்றுவது கம்ப்யூட்டரின் பெயர் அல்ல, வைத்திருப்பவரின் விழிப்பு!

"அப்டேட்" கேட்டால் தள்ளிப் போடாதீர்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். முக்கியமான படங்கள், கணக்குகளுக்கு வேறு இடத்திலும் நகல் வையுங்கள். போனில் வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அதை நீங்களே சொல்லிவிட்டால், எந்தக் கம்ப்யூட்டர் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்?

ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் குடியிருக்கலாம். அதற்காகக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கலாமா?